கடல் அல்லிப் புதைபடிவம்: எப்படிச் சேர்ப்பது, எதைக்கொண்டு படமெடுப்பது?

கழுவிக் காயவைத்த கற்களை ஒரு வெள்ளைத் துணிமேல் பரப்பி வைத்திருந்தேன். எட்டிப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "என்ன இது, பொத்தானா?" கேட்டதில் தப்பில்லை. வட்டமாக இருக்கிறது, நடுவில் ஓட்டை இருக்கிறது, ஓரத்தில் அரம் போட்டதுபோல வரிவரியாக இருக்கிறது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள லிண்டிஸ்ஃபார்ன் தீவில் இவற்றை மாலையாகக் கோத்து, 'புனித கத்பெர்ட்டின் மணிகள்' என்று பெயரும் வைத்தார்கள். ஜெர்மனியின் சில பகுதிகளில் இதற்குப் 'போனிஃபேஸ் காசு' என்று பெயர். பொத்தான், மணி, காசு என்று ஆளுக்கொன்று சொன்னாலும், இது ஒரு கடல் விலங்கின் தண்டிலிருந்து உதிர்ந்து, புதைந்து கல்லாகிப்போன வில்லை.

அந்த விலங்கு கிரினாய்டு. கடல் அல்லி என்று சொல்வதால் செடி என்று தோன்றும். ஆனால் நட்சத்திர மீனுக்கும், முள்ளுருண்டை போன்ற கடல் அர்ச்சினுக்கும் இது பங்காளி. கடலடியில் பற்றி நிற்கும் தண்டு, அதன் உச்சியில் கிண்ணம் போன்ற உடல், கிண்ணத்தைச் சுற்றி இறகுபோல் விரியும் கைகள். தண்டு முழுக் கம்பு கிடையாது. வளையலை அடுக்கியதுபோல வில்லைமேல் வில்லையாக நின்று, நார்களால் கட்டுண்டு இருக்கும். விலங்கு செத்துச் சில நாட்களிலேயே நார் அழுகி, தண்டு, கிண்ணம், கைகள் எல்லாம் தனித்தனியாக உதிர்ந்துவிடும். சுமார் 48 கோடி ஆண்டுகளாகக் கடலில் இருக்கிற இனம் இது. இன்றைக்கும் 600 வகைகள் போல உயிரோடு உள்ளன. கார்போனிஃபெரஸ் காலத்தின் முற்பகுதியில், அதாவது 36 கோடி முதல் 32 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, கடலடியில் காடாக மண்டிக் கிடந்தன. அந்தக் காலத்துச் சில சுண்ணாம்புப் பாறைகளை உடைத்தால், பாறையே இந்த உதிரிகளால் ஆனது என்பது தெரியும்.

இப்படி உதிர்ந்துபோவதுதான் நம்முடைய கணக்குகளுக்கெல்லாம் ஆணிவேர். வில்லை ஏராளம், முழு உடல் அபூர்வம். ஆகவே இந்தப் பொழுதுபோக்கில் இறங்குபவர் இரண்டு விஷயங்களை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது: எதைச் சேர்ப்பது, எதைக்கொண்டு படமெடுப்பது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உதிரி வில்லையில் தொடங்குங்கள். கேமராவுக்குச் செலவு செய்யும் முன் வெளிச்சத்தோடு கொஞ்ச நாள் மல்லுக்கட்டுங்கள்.

உதிரியா, பாளமா?

உதிரி பொறுக்கச் சுத்தியல்கூட வேண்டாம். ஷேல் என்கிற களிப்பாறை மழையில் கரைந்து ஓடும். கால்சைட் என்கிற சுண்ணாம்புக் கனிமத்தால் ஆன வில்லை கரையாமல் மேலே நிற்கும். ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு, அப்படிப்பட்ட சரிவில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரே முழம் இடத்தைப் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். முதல் இரண்டு நிமிடம் வெறும் மண்தான் தெரியும். அப்புறம் கண் பழகி, ஒவ்வொன்றாக வர ஆரம்பிக்கும். நின்றபடியே தேடுகிறவருக்குப் பெரிய தண்டுத் துண்டுகள் மட்டும் அகப்படும். 2, 3 மில்லிமீட்டர் வில்லைகளும் கிண்ணத்திலிருந்து கழன்ற தகடுகளும் முட்டி தேய்ந்தவருக்குத்தான்.

'உடைந்த துண்டுதானே' என்று இதை ஒதுக்குவது அவசரம். ஒரு வில்லையின் தட்டை முகத்தில் பார்க்க நிறைய இருக்கிறது. நடுத்துளை ஒன்றில் வட்டம், ஒன்றில் ஐங்கோணம், இன்னொன்றில் ஐந்து இதழ்ப் பூ. ஓரத்திலிருந்து மையம் நோக்கி மேடும் பள்ளமுமாக வரிகள் ஓடும். இதன் மேடு அடுத்த வில்லையின் பள்ளத்தில் போய் உட்காரும். தண்டு அலையில் ஆடினாலும் வில்லைகள் ஒன்றைவிட்டு ஒன்று வழுக்காது. ஜுராசிக் காலத்துப் பென்டாக்ரினைட்டஸ், ஐசோக்ரினஸ் வகைகளில் வில்லையே ஐந்து முனை நட்சத்திரம், முகத்தில் ஐந்து இதழ்கள். பிளாட்டிக்ரினைட்டஸ் வகையின் வில்லை நீள்வட்டம். முகத்தின் குறுக்கே ஒரு முகடு ஓடும். மேல் முகத்து முகடும் கீழ் முகத்து முகடும் ஒரே திசையில் இருக்காது, கொஞ்சம் திரும்பியிருக்கும். அதனால்தான் அந்தத் தண்டு முறுக்கிய கயிறுபோல் இருக்கிறது. பாறைப் பாளத்தில் படுத்திருக்கும் அழகான முழுத் தண்டில் இது எதுவும் கண்ணில் படாது, பக்கவாட்டு மட்டும்தான் தெரியும். முகத்தைக் காட்டுவது உதிரிதான்.

குறையையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான வட்ட வில்லைகளை வைத்து இது இன்ன பேரினம் என்று சொல்ல முடியாது. பெயரைத் தீர்மானிப்பது கிண்ணத்தின் தகடுகள் அடுக்கியிருக்கும் விதம். மேலே சொன்ன நட்சத்திரமும் முறுக்குத் தண்டும் விதிவிலக்குகள். பெட்டியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் லத்தீன் பெயர் எழுதியே ஆக வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்பவருக்கு உதிரி சரிப்படாது. எனக்குப் 'கிரினாய்டுத் தண்டு, வகை தெரியாது' என்று எழுதுவதில் வெட்கம் இல்லை.

பாளம் வேறு உலகம். முழு உடல் பாறையில் தங்க வேண்டுமென்றால், விலங்கு உயிரோடு இருக்கும்போதோ செத்த கையோடோ சேறு வந்து ஒரேயடியாக மூடியிருக்க வேண்டும். அப்படி மூடிய இடங்கள் உலகில் சில உண்டு. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக் கிராஃபர்ட்ஸ்வில், கைகளும் கிண்ணமும் தண்டும் சிதறாமல் கிடைத்ததற்குப் பெயர் போனது. ஜெர்மனியின் ஹோல்ட்ஸ்மாடனில், மிதக்கும் மரக்கட்டையைப் பற்றிக்கொண்டு கூட்டமாக வாழ்ந்த கடல் அல்லிகள் கட்டையோடு மூழ்கிப் படிவமாகியிருக்கின்றன; அங்குள்ள அருங்காட்சியகத்துப் பாளம் 18 மீட்டர் நீளம். அதே நாட்டில் புண்டன்பாக் ஊரின் ஹுன்ஸ்ரூக் பலகைப்பாறையில் உடல் பைரைட் என்கிற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமமாக மாறிக் கிடப்பதால், வில்ஹெல்ம் ஸ்டியூர்மர் என்பவர் பாறையைச் செதுக்காமலேயே எக்ஸ்-ரே எடுத்து உள்ளே மடிந்திருந்த உடல்களைக் காட்டினார். படமெடுப்பதில் இவரை யாராலும் மிஞ்ச முடியாது!

இதையெல்லாம் படித்துவிட்டு நாமும் பாளம் வெட்டலாம் என்று கிளம்பும் முன் ஒரு சின்னக் கணக்கு. 30 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம், 5 தடிமன் உள்ள சுண்ணாம்புப் பாளம் ஏறக்குறைய 8 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு வந்தால் வேலை பாதிதான் முடிந்தது. கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகமூடி, கையில் ஊசி அல்லது காற்றழுத்தச் செதுக்கி என்று ஒரு கிண்ணத்தை வெளிக்கொண்டுவர வாரக் கணக்கில் உட்கார வேண்டும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் கால்சைட் 3, எஃகு ஊசி 5-க்கு மேல். கை ஒரு தடவை வழுக்கினால் கீறல் விழுந்ததுதான். தகடு உடைந்தால் ஒட்ட, பின்னாளில் அசிட்டோனால் கரைத்துப் பிரிக்கக்கூடிய பாராலாய்ட் பி-72 போன்ற பிசின் நல்லது. சூப்பர் குளூவை நீட்டினால் அருங்காட்சியகக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். பொறுமையும் தூசு போக இடமும் இருப்பவருக்குப் பாளம் பெரிய சுகம், மறுக்கவில்லை. முதல் வருடத்திலேயே இதில் இறங்கினால், நல்ல மாதிரியில் கை பழகுவதாக முடியும்.

பைரைட் கலந்த படிவத்துக்கு இன்னொரு எச்சரிக்கை. இங்கிலாந்தின் சார்மவுத், லைம் ரீஜிஸ் கரையில் கிடைக்கும் பென்டாக்ரினைட்டஸ் பித்தளைபோல் மின்னும், பார்க்கக் கண்கொள்ளாது. ஆனால் ஈரக் காற்றில் பைரைட் மெல்ல ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக அமிலம் விடும். அந்த அமிலம் பக்கத்தில் இருக்கும் கால்சைட்டைத் தின்னும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட, இறுக மூடும் டப்பாவில் வைத்துவிட வேண்டியதுதான்.

எடுக்காமலே திரும்புவது

மூன்றாவது வழி, கல்லைத் தொடாமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு வருவது. சில இடங்களில் இதுதான் ஒரே வழி. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் ஒரு வில்லையைக்கூடப் பையில் போடக் கூடாது. வேறு சில அரசு நிலங்களில், 2009-ல் வந்த தொல்லுயிர் வளப் பாதுகாப்புச் சட்டம், சாதாரணமாகக் கிடைக்கும் முதுகெலும்பற்ற உயிர்ப் படிவங்களைச் சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் எடுக்க அனுமதிக்கிறது. தனியார் நிலமென்றால் உரிமையாளரிடம் கேட்காமல் குனியக்கூடக் கூடாது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு விதி. போகும் முன் விசாரித்துவிடுவது நல்லது.

சட்டம் தடுக்காவிட்டாலும், பாறை முகத்தில் முழுசாகப் பதிந்திருக்கும் ஒன்றைப் பெயர்க்க முயன்று நொறுக்குவதைவிட அப்படியே விட்டு வருவது மேல். பாறை அடுக்கில் எந்தப் பக்கம் தலை சாய்ந்து கிடக்கிறது, பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது என்பதெல்லாம் அந்த இடத்தில்தான் இருக்கிறது, பெயர்த்ததும் போய்விடும். தூரத்திலிருந்து ஒன்று, கை எட்டும் தூரத்தில் ஒன்று, மிக அருகில் ஒன்று என்று மூன்று படங்கள் எடுங்கள். கடைசி இரண்டில் அளவுகோல் இருக்கட்டும். உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். காலையும் மாலையும் வெயில் சாய்வாக விழும்போது பாறையில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்ததெல்லாம் எழும்பி வரும். நேரம் தப்பிவிட்டால் குடையால் நிழல் போட்டு, பக்கத்திலிருந்து டார்ச் அடிக்கலாம். சாக்பீஸால் ஓரம் வரைவது, ஆணியால் கீறுவது கூடவே கூடாது. மங்கிய சுண்ணாம்புப் பாறையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் வில்லை பளிச்சென்று தெரியும்.

வாங்கினால்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். முழுக் கடல் அல்லியை வைத்திருக்க வேண்டும், தோண்ட முடியாது என்றால் விலைக்கு வாங்கலாம், தவறில்லை. ஆனால் சந்தையில் மொராக்கோவின் ஸ்கைஃபோக்ரினைட்டஸ் பாளங்கள் பெரிதாகவும் கவர்ச்சியாகவும் நிற்கும். அவற்றில் ஒட்டுப் போட்டவை, பாறையிலேயே செதுக்கிச் சேர்த்தவை, சாயம் பூசியவை நிறைய. லூப் என்கிற சின்ன உருப்பெருக்கி லென்ஸை வைத்துக் கைகளைப் பாருங்கள். உண்மையான கையில் சின்னச் சின்ன மூட்டுகள் வரிசையாகத் தெரியும். செதுக்கியதில் ஒரே நீளக் கோடாக இருக்கும், அல்லது மூட்டுக் கோடுகள் சம இடைவெளியில் சீப்புப் பல்போல ஓடும். இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் பிசினும் சாயமும் கல்லிலிருந்து வேறு நிறத்தில் ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். எந்த ஊர், எந்தப் பாறை அடுக்கு என்று எழுதித் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். இடம் தெரியாத படிவம் அலமாரிப் பொம்மைதான்.

எதைக்கொண்டு படமெடுப்பது?

கையில் இருக்கும் போனில் தொடங்குவதுதான் இயல்பு. 15 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தண்டுத் துண்டு, கையளவு பாளம் இவற்றுக்குப் போன் தாராளமாகப் போதும். ரொம்ப நெருங்கினால் சில போன்கள் தானாகவே அகலக் கோண லென்ஸுக்குத் தாவும். அப்போது வில்லையின் ஓரம் வளைந்து, போனின் நிழலே கல்மேல் விழும். அதைத் தடுக்க, கொஞ்சம் தள்ளி வைத்து 2 மடங்கு பெரிதாக்கி எடுப்பது நல்லது. போனைக் கையில் பிடிக்காமல் இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே படுக்க வைத்து, நேரம் வைத்துக் கிளிக் செய்தால் பாதி மங்கல் தீர்ந்துவிடும்.

அடுத்தது, பலரும் நினைத்துப் பார்க்காதது: ஸ்கேனர். ஆவணம் ஸ்கேன் செய்யும் அதே தட்டை ஸ்கேனர். 1200 டிபிஐ-யில், அதாவது ஒரு அங்குலத்துக்கு 1200 புள்ளி என்ற கணக்கில், ஒரு புள்ளி 0.021 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் வில்லை 470 புள்ளி அகலத்தில் வரும். 2400-ல் அது 945. ஒரே தடவையில் நாற்பது வில்லைகளைப் பரப்பி எடுத்துவிடலாம். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு, ஒரே வெளிச்சம், கோணல் கிடையாது. அளவுகோலே வைக்காவிட்டாலும் டிபிஐ-யை வைத்து நீளம் கணக்கிட்டுக்கொள்ளலாம். மூடியைத் திறந்துவைத்து மேலே கறுப்புத் துணி போட்ட அட்டைப் பெட்டியைக் கவிழ்த்தால் பின்னணி இருட்டாகிவிடும்.

ஆனால் ஸ்கேனரில் இரண்டு சாதி உண்டு. சிஐஎஸ் என்கிற மெலிந்த வகையில் கண்ணாடியைத் தொடும் பகுதி மட்டும்தான் தெளிவு. ஒரு மில்லிமீட்டர் தூக்கியிருந்தாலும் புகைமூட்டம். கொஞ்சம் தடிமனான சிசிடி வகையில் சில மில்லிமீட்டர் உயரம் வரை தெளிவாக வரும். உதிரி வில்லைக்கு இரண்டாவதுதான் வேண்டும். கண்ணாடியையும் காப்பாற்ற வேண்டும். வில்லையின் கால்சைட் கண்ணாடியைக் கீறாது, ஆனால் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு மணல் துகள் குவார்ட்ஸாக இருந்தால் கீறும், அதன் கடினம் 7. நடுவே ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாள் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு வேடிக்கை: ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்தே வருவதால், வில்லையை 90 பாகை திருப்பி வைத்து மறுபடி எடுத்தால் முன்பு தெரியாத வரிகள் எழும்பும்.

யூஎஸ்பி நுண்ணோக்கியை நான் படமெடுக்கச் சிபாரிசு செய்ய மாட்டேன். பார்ப்பதற்குச் சிபாரிசு செய்வேன். நடுத்துளை வட்டமா ஐங்கோணமா, ஓர வரிகள் எத்தனை என்று எண்ண அது அருமையான கருவி. பெட்டியில் போட்டிருக்கும் 500 மடங்கு, 1000 மடங்கு என்பதெல்லாம் பெரும்பாலும் திரையின் அளவையும் சேர்த்துச் சொல்வது. அதை நம்பி வாங்க வேண்டாம்.

கடைசியாக, மேக்ரோ லென்ஸ் மாட்டிய கேமரா. உருவத்தை உணரியில் (கேமராவுக்குள் ஒளியைப் படமாக்கும் சில்லு) அதே அளவில் விழவைக்கும் 1:1 லென்ஸ் என்றால், 36 மில்லிமீட்டர் அகல உணரியில் 6000 புள்ளிகள் இருக்கும் கேமராவில் நம் 10 மில்லிமீட்டர் வில்லை 1667 புள்ளிகளில் வரும். 1200 டிபிஐ ஸ்கேனரைவிட மூன்றரை மடங்கு. உண்மையிலேயே வேறு தரம். ஆனால் அந்த நெருக்கத்தில் லென்ஸின் ஒளித்துளையை எஃப்/8 அளவில் வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். துளையைச் சுருக்கிக்கொண்டே போனால் ஆழம் கூடும். கூடவே ஒளி சிதறி மொத்தப் படமும் மெத்தென்று ஆகிவிடும். தட்டையாக வைத்த வில்லைக்கு 1 மில்லிமீட்டர் போதும். 10 மில்லிமீட்டர் உயரக் கிண்ணத்துக்குப் போதாது. அப்போது அரை மில்லிமீட்டருக்கு ஒரு படம் என்று இருபது படங்கள் எடுத்து, தெளிவான பகுதிகளை மட்டும் மென்பொருளில் ஒட்டிச் சேர்க்க வேண்டும். ஃபோகஸ் ஸ்டேக்கிங் என்பது இதுதான். இதற்கான மென்பொருள்களில் ஜெரீன், ஹெலிகான் ஆகியவை காசு கொடுத்து வாங்குபவை. ஹகின் என்கிற மென்பொருள் தொகுப்போடு வரும் கருவிகளை வைத்து இலவசமாகவும் செய்யலாம், கொஞ்சம் தலைவலியோடு.

சரி, எது? உதிரி சேர்ப்பவருக்குச் சிசிடி ஸ்கேனரும் போனும். கிண்ணமோ பாளமோ வைத்திருப்பவருக்குத்தான் மேக்ரோ லென்ஸ். இரண்டையும் ஒன்றாக வாங்கி வைத்துக்கொண்டு எதையும் ஒழுங்காகப் பழகாமல் விட்டவர்களில் நானும் ஒருவன், அதனால் சொல்கிறேன்.

வெளிச்சம்

இதுவரை சொன்ன கருவிகளுக்குள் இருக்கும் வித்தியாசத்தைவிட, விளக்கை எங்கே வைக்கிறோம் என்பதில் இருக்கும் வித்தியாசம் பெரிது. ஒரு நட்சத்திர வில்லையை எடுத்து, போனின் ஃபிளாஷைப் போட்டு நேர் மேலிருந்து எடுத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒரு நட்சத்திரம், அவ்வளவுதான். இப்போது அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு சின்ன எல்இடி டார்ச்சை மேசைமேல் படுக்க வைத்தாற்போல், மேசைப் பரப்பிலிருந்து 15 பாகைச் சாய்வில் பிடித்து, வில்லையைச் சுற்றி மெதுவாக நகர்த்துங்கள். முதலில் ஒரு பக்கத்து இதழ் எழும்பும், அப்புறம் அடுத்தது. இதழின் ஓரத்தில் பல் பல்லாக இருக்கும் வரிகளில் ஒவ்வொரு மேட்டுக்கும் பின்னால் ஒரு நூல் நிழல் விழும். அதே கல், அதே போன். எதிர்ப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை மடித்து நிற்க வைத்தால் நிழலுக்குள்ளும் கொஞ்சம் வெளிச்சம் போய், விவரம் மூழ்காமல் இருக்கும்.

விளக்கு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதிலும் ஒரு மரபு உண்டு. தொல்லுயிரியல் இதழ்களில் பெரும்பாலும் இடது மேல் மூலையிலிருந்துதான். காரணம் அழகியல் இல்லை. வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்றே நம் கண் எடுத்துக்கொள்ளும். கீழிருந்து அடித்த படத்தில் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும். சந்தேகமிருந்தால் உங்கள் படத்தையே தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், வயிற்றைப் புரட்டும்.

கடல் அல்லிக்கென்றே ஒரு தொல்லை உண்டு. இதன் ஒவ்வொரு வில்லையும், ஒவ்வொரு தகடும் ஒரே ஒரு கால்சைட் படிகம். உடைந்தால் தட்டையான, மினுங்கும் தளங்களில் உடையும். அந்தத் தளம் விளக்குக்கு நேராக வந்துவிட்டால் படத்தில் வெள்ளைத் திட்டு விழுந்து, மற்றதெல்லாம் கறுத்துவிடும். களத்தில் தேடும்போது இதே மினுக்குதான் நமக்கு உதவும். வெயிலில் கல்லைத் திருப்பும்போது பளிச்சென்று ஒரு வெட்டு. படத்தில் அது வேண்டாமென்றால் கல்லை நாலைந்து பாகை திருப்பினாலே பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் விளக்குக்கு முன் ஒளியை ஒரே திசையில் மட்டும் அதிரவிடும் ஒரு போலராய்டு தாள், லென்ஸில் போலரைசர் வடிகட்டி என்று வைத்து, இரண்டும் குறுக்காக வரும்வரை வடிகட்டியைத் திருப்ப வேண்டும். மினுக்கு மொத்தமாக அடங்கும். கூடவே நிழலின் கூர்மையும் கொஞ்சம் குறையும், அதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

ஆய்வாளர்கள் அம்மோனியம் குளோரைடைச் சூடாக்கி அதன் வெண்புகையைப் படிவத்தின்மேல் மெல்லிய மாவாகப் படியவிட்டுப் படமெடுப்பார்கள். நிறமெல்லாம் மறைந்து, வடிவம் மட்டும் வெண்ணிறத்தில் துல்லியமாக நிற்கும். புகை உறிஞ்சும் கூண்டு இல்லாமல் வீட்டில் இதைச் செய்யக் கூடாது. பொழுதுபோக்குக்காரருக்கு இது தேவையும் இல்லை, சாய்ந்த டார்ச் போதும்.

நிறத்தைப் பற்றி ஒரு இடைச்செருகல். அமெரிக்காவின் அயோவா மாநிலத்து லெ கிராண்டில் கிடைத்த பாளங்களில், பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் வெவ்வேறு வகைக் கடல் அல்லிகள் வெவ்வேறு நிறத்தில் இருக்கும். அப்படிப்பட்ட படிவங்களிலிருந்து அந்த விலங்குகளின் கரிமச் சேர்மங்களையே பிரித்தெடுத்ததாக 2013-ல் ஓர் ஆய்வு வெளியானது. ஆகவே படத்தில் நிறத்தை இஷ்டத்துக்கு ஏற்றாதீர்கள். சாம்பல் அட்டை ஒன்றை ஓரத்தில் வைத்து எடுத்து, அதை வைத்து வெண்மையைச் சரிசெய்யுங்கள். அளவுகோலையும் தரையில் கிடத்தாமல், படிவத்தின் மேல் முகம் இருக்கும் உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். கீழே கிடந்தால் அது சிறிதாகத் தெரிந்து, படிவத்தைப் பெரிதாகக் கணக்கிட வைத்துவிடும்.

கழுவும்போது

படமெடுக்கும் முன் கழுவ வேண்டும். இங்கேதான் நான் ஒரு நல்ல வில்லையைக் கெடுத்தேன். நட்சத்திர வில்லை, இதழ்களுக்கு நடுவே சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. வினிகரில் ஊறப்போட்டால் சுண்ணாம்பு கரையும் என்று யாரோ சொன்னதை நம்பி, இரவு முழுக்க ஊறவிட்டேன். காலையில் சுண்ணாம்பு கரைந்திருந்தது. வரிகளும் கரைந்திருந்தன. யோசித்தால் விஷயம் எளிது: ஒட்டியிருந்ததும் கால்சைட், வில்லையும் கால்சைட், அமிலத்துக்கு ஆள் தெரியாது. வினிகரில் கரையாத சிலிக்காவாக மாறிப்போன படிவத்துக்கு மட்டும்தான் அமில வைத்தியம். மற்றவற்றுக்குத் தண்ணீர், மென்மையான பல்துலக்கி, மூங்கில் குச்சி. களிப்பாறை ஒட்டியிருந்தால் நன்றாகக் காயவைத்து, பிறகு தண்ணீரில் போட்டால் களி தானாகவே உப்பி உதிரும். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கலாம்.

கழுவியதும் சீட்டு. இடம், தேதி, பாறை அடுக்கின் பெயர் தெரிந்தால் அது, ஒரு எண். அதே எண் படத்தின் கோப்புப் பெயரிலும் இருக்க வேண்டும். ஒரு பயணத்தின் வில்லைகளை 'ஞாபகம் இருக்கும்' என்று ஒரே டப்பாவில் போட்டு, அடுத்த பயணத்தையும் அதிலேயே கொட்டிவிட்டு, எது எங்கே கிடைத்தது என்று தெரியாமல் விழித்தவன் எழுதுவது இது.

முழுக் கிண்ணமும் கைகளுமாக ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் நான் மேலே சொன்ன கட்சி அப்படியே மாறும். அப்போது பொறுக்காதீர்கள், கழுவாதீர்கள். இருந்த இடத்திலேயே சாய்ந்த வெளிச்சத்தில் நிறைய படங்கள் எடுத்து, பக்கத்து அருங்காட்சியகத்தில் காட்டிக் கேட்ட பிறகுதான் உளியைத் தொட வேண்டும். மற்ற நாளெல்லாம் ஒரு சின்ன டப்பா, ஒரு லூப், முட்டிக்கு அடியில் வைக்க ஒரு ரப்பர் மெத்தை; வீட்டில் ஒரு சிசிடி ஸ்கேனர், ஒரு டார்ச்.

வினிகரில் கெட்ட அந்த நட்சத்திர வில்லை இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது. புதுசாக ஒரு விளக்கு வந்தால் முதலில் அதன்மேல்தான் அடித்துப் பார்ப்பேன். ஐந்து இதழ்களில் ஒன்றின் ஓரத்தில் மட்டும் மூன்று வரிகள் மங்கலாக மிஞ்சியிருக்கின்றன. அந்த மூன்றும் படத்தில் விழுந்தால் விளக்கு சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.